நீலக்கோட்டில் சாய்ந்த மெர்வ்

சூடான காப்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடியே புதிய ஐஸ் ஹாக்கி நடுவர்களுக்குப் பாடம் எடுப்பார் மெர்வ் டானிலுக். "ஆட்டம் வலைகிட்ட வந்துட்டா, ஒருத்தர் கோல்கோடு வரைக்கும் எறங்கணும். வலைக்கும் மூலைக்கும் நடுவுல நிக்கணும். அங்க நின்னாதான் வட்டு கோட்டத் தாண்டுச்சான்னு தெரியும்."

சொல்வாரே ஒழிய இறங்கமாட்டார். பாதி வழியில் நீலக்கோட்டுக்கு வந்ததும் பனித்தளத்தின் ஓரத் தடுப்புப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். பெஞ்சில் இருப்பவர்களிடம் சூரியகாந்தி விதை வாங்கிக் கொறிப்பார், கடுகு விலை விசாரிப்பார். பகலில் டிராக்டர் பழுது பார்ப்பவர். வயது அறுபதைத் தாண்டியாயிற்று. கனடாவின் சஸ்காச்சுவானில் எங்களுடையதைப் போன்ற சிற்றூருக்குச் சம்பளமில்லாமல் விசில் ஊத வேறு யார் வருவார்கள்? ஆகையால் கேலியோடு விட்டுவிடுவோம்.

"யோவ் மெர்வ், நடுவரா வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

"முட்டி கேக்கலப்பா. இங்கேருந்தே எல்லாம் தெரியுது."

தெரிந்த லட்சணம் அரையிறுதியில் தெரிந்தது. சமநிலை, கடைசி நிமிடம். எங்கள் வலையைக் காத்தவள் டொரீன் பாஷ்கோ, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். எதிரணி அடித்த வட்டு வலையின் பக்கவாட்டில் பட்டு, கிழிசல் வழியாக உள்ளே விழுந்தது. மெர்வ் பலகையில் சாய்ந்தபடியே வலையை நோக்கிக் கையை நீட்டினார். கோல்!

டொரீன் முகமூடியைக் கழற்றி எறிந்தாள். "கிழிசல் வழியா வந்துச்சு மெர்வ்! வந்து பாருய்யா!"

மெர்வ் வந்தார், கிழிசலைப் பார்த்தார், முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னார்: "முன்னாலதான் போச்சு. நான் பாத்தேன்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். தோற்றோம். ஆட்டம் முடிந்தால் எல்லோரும் வரிசையாகக் கைகுலுக்குவது வழக்கம். டொரீன் மெர்வின் கையைத் தாண்டிப் போனாள். அதோடு அவள் பெயர் கெட்டது. "தோத்தா வலையில ஓட்டைம்பாங்க" என்று உணவுக் கடையில் பெரோகிக் கொழுக்கட்டை தின்றபடி சிரித்தார்கள். பேருந்தில் பிள்ளைகள்கூடப் பாடினார்களாம்.

மெர்வும் மாறிப்போனார். காப்பிக் கடைக்கு வருவதில்லை, வண்டியிலேயே உட்கார்ந்து குடிக்கிறார். தபால் நிலையத்தில் டொரீனைக் கண்டதும் கடிதத்தைப் போடாமலேயே திரும்பிவிட்டார்.

நேற்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஊரே பார்க்க வந்திருந்தது. விசில் ஊதும் முன் மெர்வ் நீலக்கோட்டைத் தாண்டி, நொண்டிச் சறுக்கி, கோல்கோடு வரை வந்து வலைக்கும் மூலைக்கும் நடுவில் நின்றார்.

டொரீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன, வழி தவறிட்டியா? ஒன் எடம் அங்கதான இருக்கு."

"அன்னிக்கு நான் பாக்கல, டொரீன். உங்க ஆளுங்க முதுகுதான் தெரிஞ்சுது."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? ஊருல சொல்லு."

மெர்வ் பார்வையாளர் பக்கம் திரும்பினார். தலையை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. இரு கைகளையும் மார்புக்கு நேராக நீட்டி, பக்கவாட்டில் அகல விரித்தார். கோல் இல்லை என்பதற்கு நடுவர்கள் காட்டும் சைகை அது. முதலில் எழுந்த சிரிப்பு அடங்கி அரங்கம் முழுக்க ஓய்ந்த பிறகும் கைகளை இறக்கவில்லை.