சயாம் வரைக்கும் போன கார்

வெயில் ஏறியதும் அந்தக் காருக்குள்ளிருந்து தோல் இருக்கையின் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து கிளம்பும். இன்றைக்கும் யாராவது பழைய தோல்பையைத் திறந்தால் எனக்குக் குமட்டும். மலாய் நாட்டில், காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால், அப்பா நட்ட மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே, அது செங்கல் மேல் நின்றது. அப்பா ஒரு ரப்பர் கம்பெனி துரைக்குக் கார் ஓட்டியவர். சண்டைக்குப் பயந்து துரை ரயிலேறிச் சிங்கப்பூருக்கு ஓடிவிட, கார் அப்பாவிடம் தங்கிவிட்டது. பிறகு ஜப்பான்காரன் வந்து எஞ்சினையும் டயர்களையும் கழற்றிக்கொண்டு, "கூட்டை" மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தான்.

அந்தக் கூட்டில்தான் மாமா என்னை ஏற்றிக்கொண்டு தினமும் லண்டனுக்குப் போவார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வேலை பார்த்த ரப்பர் கடை மூடிவிட்டதால் எங்கள் வீட்டில் சும்மா இருந்தவர். "துரைமாருங்க கப்பல்ல வந்தானுங்க, நாம கார்லயே போவோம் பாப்பா" என்பார். பக்கத்து ஊர் தம்பின், கோலாலம்பூர், ஈப்போ, அப்புறம் சயாம், பர்மா, இந்தியா, பாரசீகம், துருக்கி, பாரிஸ் என்று வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போவார். "சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது இவனுக்கு" என்று அப்பா மரவள்ளிக்கு மண் அணைத்தபடி முணுமுணுப்பார்.

பக்கத்துச் செட்டி வீட்டு அம்மாள் பல தலைமுறையாக மலாய்க்காரர்களோடு கலந்துபோன குடும்பம், தமிழ் வராது. வேலியோரம் போகும்போதெல்லாம் "பெர்கி மானா?", எங்கே பயணம், என்று மலாயில் கேட்பார். மாமா தெருவுக்கே கேட்கும்படி "லண்டன்!" என்பார். ஒருநாள் அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "அந்தப் பேர வாயில எடுக்காதடா. எவன் காதுலயாச்சும் விழுந்தா உன்னக் கட்டித் தூக்கிட்டுப் போயிடுவான். விளையாடறதுன்னா சயாமோட நிறுத்திக்க." லண்டன் ஜப்பான்காரனுக்கு எதிரியின் ஊர், சயாம் அவனுக்கு வேண்டிய நாடு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் மாமா "சயாம் வரைக்குந்தான்" என்று சொல்லிவிடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு மனுஷன் காரை எடுத்துக்கொண்டு சயாம் வரைக்குமா போவான்?

அப்போது எனக்குக் காது குத்தியிருக்கவில்லை. ஒரு வயதில் அம்மை வந்து தள்ளிப்போனது. அப்புறம் ஜப்பான் சண்டை வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும், தம்பி சும்மாதானே இருக்கிறான், வரும் தையில் முடித்துவிடலாம் என்று அம்மா தீர்மானித்திருந்தாள். துக்காங் எமாஸ் தெரு நகைப் பத்தரிடம் சொல்லியும் வைத்தாயிற்று.

தை பிறப்பதற்குள் ஜப்பான்காரனின் லாரி வந்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் எடுக்கிறார்கள், வேலையில்லாதவன் எல்லாம் ஏறவேண்டும், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். மாமாவையும் சந்தியில் நிறுத்தி ஏற்றிவிட்டார்கள். சேதி கேட்டு நானும் அம்மாவும் ஓடினோம். லாரி போகும் இடம் சயாம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈப்போவுக்கு அடுத்தது அதுதானே, பயணம் நிஜமாகவே கிளம்பிவிட்டது என்று நினைத்தேன். "மாமா, லண்..." என்று கத்தத் தொடங்கியவளின் வாயை அம்மா பொத்தினாள். பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான். மாமா எங்களைப் பார்த்து, "இல்ல பாப்பா, சயாம் வரைக்குந்தான்" என்றார்.

சண்டை ஓய்ந்ததும் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். செங், புக்கிட் ரம்பாய் என்று எந்தப் பக்கம் ஆள் வந்ததாகக் கேள்விப்பட்டாலும் அம்மா போய் விசாரித்தாள். செத்ததைப் பார்த்தேன் என்று எவரும் சொல்லவில்லை, ஆகவே அவள் கருமாதி செய்யவில்லை. என் காதைப் பற்றிப் பேச்செடுத்தால், "தம்பி வரட்டும்" என்பாள். சயாமோடு நிறுத்திக்கொள் என்று தான் சொன்னதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கல்யாணத்தன்று துளையில்லாத காதில் கவ்விக்கொள்ளும் அழுத்துக் கம்மல் மாட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

கூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மரவள்ளி நின்ற இடத்தில் இப்போது வரிசை வீடுகள். சில ஆண்டுகளுக்கு முன் மகனோடு பாரிஸிலிருந்து பஸ்ஸில் லண்டன் போனேன். முக்கால்வாசி வழி தூங்கிவிட்டேன், ஊர் குளிராக இருந்தது. அங்கே பேத்தி, நீயும் காது குத்திக்கொள்ளேன், ஒரு நிமிடம்தான் என்று ஒரு கடைக்குள் என்னை இழுத்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், இனித் தடுக்க யாருமில்லை. ஆனால் குத்திக்கொண்டால், மாமா வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.