எலும்பு மிஷினும் பெரியவெட்டின் இடுப்பும்

அந்தக் கறிக்கடை அண்ணன் தம்பி இருவருடையது. தெரு, அண்ணனுக்குப் பெரியவெட்டு என்றும் தம்பிக்குச் சின்னவெட்டு என்றும் பெயர் வைத்திருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

பெரியவெட்டு கத்தியைத் தவிர எதையும் நம்பாதவர். அவர் பேச்சைக் கேட்காமல் எலும்பு அறுக்கும் மின்சார மிஷின் ஒன்றைச் சின்னவெட்டு வாங்கி வந்தான். வந்த மாசமே அது அவனுடைய இடது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. சுவிட்சை அணைத்த பிறகும் ரம்பம் ஓடிக்கொண்டே இருந்ததுதான் வினை. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த பெரியவெட்டு, வெட்டுக்கத்தியை எடுத்து அந்த மிஷினைக் கொத்தினார். அது சாய்ந்து தரையில் கிடந்த பிறகும் விடவில்லை.

"செத்த மிஷினை ஏன்யா வெட்டுற?" என்று எதிர்க்கடைக் கோழிக்காரர் கேட்டார். ஒரு மாட்டெலும்பு பறந்து போய் அவருக்குப் பதில் சொன்னது.

கையில் கட்டோடு வந்த சின்னவெட்டு, "அடுத்தது நல்லதா பாத்து வாங்கலாம்ணே" என்றான். அவனுக்கும் ஒன்று விழுந்தது.

பொழுதெல்லாம் ரத்தத்தில் நிற்கிற பெரியவெட்டுக்குக் கக்கூஸில் கண்ட ரத்தம் பெரிதாகப் படவில்லை. மூலம் என்று தானே முடிவு கட்டிவிட்டார். கடைசியில் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். மலக்குடலில் புற்று, ஆசனவாசலுக்கு வெகு பக்கத்தில். கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். இனி அறுத்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

சாவைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் பயந்தது பைக்கு. வாசலைக் காப்பாற்ற முடியாவிட்டால் அதை அடைத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு, ஆயுசுக்கும் மலம் பிடிக்க ஒரு பை மாட்டிவிடுவார்களாம்.

"கோழிக்காரன் என்ன சொல்வான் தெரியுமா? கறியைப் பையில போட்டுக் குடுத்தவன், இப்ப தானே பையோட நிக்கிறான்னு சிரிப்பான். அதுக்கு நான் போய்ச் சேந்துடலாம்."

"நீங்க போய்ச் சேந்தாலும் அவன் சிரிக்கத்தான் போறான்" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவின் அறைக்கு மூவரும் போனார்கள். அந்தம்மா பொறுமையாகச் சொன்னாள்: வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டாம், சின்னச் சின்ன ஓட்டைகள் போதும். லேப்ராஸ்கோப்பி என்றால் நீளக் கம்பிகளைக் கையால் பிடித்துச் செய்வது. இன்னொன்று ரோபோட்.

"ரோபோட்டே போட்ருங்க!" என்றான் சின்னவெட்டு.

அவ்வளவுதான். பெரியவெட்டின் பிடி தம்பியின் கழுத்தில் இருந்தது. "ரெண்டு விரலைக் குடுத்தும் புத்தி வரலையாடா? என் குடலை மிஷினுக்குப் போடச் சொல்றியா?" தம்பியின் தலை மேஜையில் இடித்தது. நாற்காலி கவிழ்ந்தது. தம்பி காலால் உதைத்தான், அது அண்ணியின் முழங்காலில் பட்டது. அண்ணி இருவரையும் கைப்பையால் சாத்தினாள். டாக்டரம்மா மட்டும் நகராமல் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் காதில் விழுந்தது? மேஜையிலிருந்த பிளாஸ்டிக் இடுப்பெலும்பு உருண்டு கீழே விழுந்து ஓரம் உடைந்தது.

அந்தம்மா எழுந்து போய் அதை எடுத்து வந்து பெரியவெட்டின் முன்னால் வைத்தாள். "இதுக்குள்ள கையை விடுங்க."

விட்டார். முஷ்டி சிக்கிக்கொண்டது.

"உங்க கட்டி இதுக்கும் கீழ, இன்னும் குறுகலான இடத்துல இருக்கு. என் கையும் அங்க சுலபமா திரும்பாது. கம்பி நேரா போகும், மடங்காது. ரோபோட் முனை மணிக்கட்டு மாதிரி மடங்கித் திரும்பும். ஆனா நேரம் கூட ஆகும். புத்து திரும்ப வராம இருக்க எது ஒசத்தின்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். எனக்கு ரெண்டும் பழக்கம். உங்க இடுப்புக்கு ரோபோட்டை எடுப்பேன்."

பெரியவெட்டு முஷ்டியை உருவப் பார்த்தார், வரவில்லை. "சுவிட்சை அணைச்ச பொறவும் அது ஓடுமா?"

"என் விரல் அசையலேன்னா அதுவும் அசையாது. நான் அதே ரூம்லதான் உக்காந்திருப்பேன்."

"அப்ப வெட்டுறது நீங்க."

"நான்தான்."

"சரி. முதல்ல இதைக் கழட்டுங்க."

அறுவை முடிந்து கண் விழித்ததும் பெரியவெட்டின் கை வயிற்றைத் தடவியது. வலது பக்கத்தில், வழவழவென்று, ஒரு பை.

பக்கத்தில் சின்னவெட்டு சிரித்துக்கொண்டு நின்றான். "நல்லபடியா முடிஞ்சுதுண்ணே."

குளுக்கோஸ் தொங்கிய இரும்புக் கம்பியை அப்படியே பிடித்து வீசினார். தம்பியின் மூக்கில் நச்சென்று விழுந்தது. ஊசி பிய்ந்து படுக்கையெல்லாம் ரத்தம், தம்பியின் சட்டையெல்லாம் ரத்தம். யாருடையது எது என்று தெரியவில்லை. "வாசலைத் தின்னுடுச்சேடா உன் மிஷின்! கொல்றேன்டா உன்னை!" நர்ஸ்கள் மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள்.

டாக்டரம்மா ஓடி வந்தாள். "வாசல் பத்திரமா இருக்குய்யா! உள்ள போட்ட தையல் ஆறுற வரைக்கும்தான் இந்தப் பை. அன்னிக்கே சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க?"

"உங்க தம்பி கழுத்தை நெரிச்சீங்களே, அப்ப."

பெரியவெட்டு தம்பியைப் பார்த்தார். அவன் மூக்கைப் பொத்தியபடி தரையில் உட்கார்ந்திருந்தான். விரல் இல்லாத சந்து வழியாக ரத்தம் ஒழுகியது. "எனக்கும் கேக்கலண்ணே" என்றான். "கழுத்து உங்க கையில இருந்துச்சு."

சில மாதங்கள் கழித்து வயிற்று ஓட்டையை மூடினார்கள். வீடு திரும்பிய பிறகும் பொழுதுக்கும் கக்கூஸுக்கு ஓட்டம்தான். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை இந்த முறை மூவரும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் கதவுக்கு உள்ளிருந்து சத்தம் வந்தது.

"டேய் தம்பி! ஓடி ஓடி வராம, இன்னிக்கு ஒரே தடவைல முடிஞ்சுதுடா! முன்ன மாதிரியே!"

மூக்கு சற்றே கோணிப்போன சின்னவெட்டு வெளியே காத்திருந்தான். கதவு திறந்தது. முகமெல்லாம் பல்லாக வெளியே வந்த அண்ணனின் மூக்கில், முழு விரல்களும் உள்ள வலது கையால் ஒன்று விட்டான்.

பெரியவெட்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். மூக்கைத் தொட்டு விரலைப் பார்த்தார். நல்ல சிவப்பு ரத்தம்.

"இத்தனை நாளா ஏன்டா சும்மா இருந்த?"

"தையல் பிரிஞ்சுடுமேன்னுதாண்ணே."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ரெண்டு பேரும் ரத்தத்தைக் கழுவிட்டு வாங்க. கடை திறக்கணும்."