தேங்காய்ப்பால் ஷீட்

நான் ஒரு முட்டாள். இதை சிரம்பானில் பலர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். என் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. யார் வீட்டு விசேஷமானாலும் மைக்கைப் பிடித்துக்கொள்வேன். மைக் இல்லாவிட்டால் கரண்டியைப் பிடித்தாவது பேசுவேன். அக்கா வீட்டுக்காரர் ஊருக்குப் பக்கத்தில் அம்பாங்கானில் உணவகம் திறந்த நாளிலும், ஆவி பறக்கும் ரசம் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றைப் போர்த்தியபடி வந்து இறங்கியபோது, மைக் என் கையில்தான் இருந்தது.

மச்சான் சமையல் படித்தவரில்லை. கெமாஸ் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் சோதிக்கும் லேப்பில் வேலை. எத்தனை சொட்டு ஆசிட்டுக்குப் பால் எப்போது உறையும் என்று பார்த்துப் பழகிய கண், ஒருநாள் வீட்டு அடுப்பின் பக்கம் திரும்பியது. தெர்மோமீட்டர் இல்லாமல் ரசத்தை இறக்கமாட்டார். "பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா பாக்க மாட்டாரு, பருப்புக்கு மட்டும் பாப்பாரு" என்பாள் அக்கா. தேங்காய்ப்பாலில் அகர்-அகர் கடல்பாசி கலந்து தாளாக உறையவைத்து, எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டுக்குச் செய்வதுபோல் ரப்பர் கட்டைப் புகையில் காட்டி, சுடுரசத்தில் போர்த்துவார். "எழுபது டிகிரி தாங்கும்டா. எம்பத்தஞ்சு தாண்டினாத்தான் உருகும்." ஒரு வருஷம் கிழிந்த தாளையெல்லாம் தின்று தீர்த்தவன் நான். தின்ற நன்றிக்காவது வாயை மூடியிருக்கலாம்.

லேப் வேலையை விட்டுவிட்டு, பன்னிரண்டு நாற்காலி போட்டுத் தொடங்கிய கடை அது. முதல் நாற்காலியில் மச்சானுடைய அம்மா. ஆயுளில் பாதி எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கியவர். கிண்ணத்திலிருந்து அந்தப் புகைவாசம் எழுந்ததும் எனக்கு நாக்கு அரித்தது.

"பயப்படாதீங்க லா! எஸ்டேட்ல மிச்சமான ஷீட்டுதான். மெல்ல முடியலன்னா மோட்டார் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கலாம்!"

கடையே குலுங்கியது. யாரோ படம் பிடித்தார்கள். அம்மா மட்டும் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தார். "இந்த நாத்தத்த விட்டுத் தொலையத்தானேய்யா உன்னப் படிக்க வெச்சேன்?" என்றார் மகனிடம், மெதுவாக. மச்சான் அன்று பேசுவதற்கென்று எழுதி வைத்திருந்த காகிதத்தை அக்கா பிறகு காட்டினாள். 'எங்கம்மா வெட்டுன பால்ல ஒரு சொட்டுகூட அவங்களோடது இல்ல. இது அவங்களுக்குன்னே காய்ச்சுன பால்.' அவ்வளவுதான். நான் மைக்கைக் கொடுத்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

எஸ்டேட்காரர்கள் வைக்கும் பட்டப்பெயர் சுடுகாடு வரை கூடவே வரும். 'ரப்பர் கடை' என்ற பெயர் அந்தப் படத்தோடு ஊர் சுற்றியது. வந்தவர்கள் தாளை இரு கையால் இழுத்துப் படமெடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களும் வரவில்லை. அடுத்த தீபாவளிக்குள் மச்சான் கடையை மூடினார். அம்மா அந்தத் தாளை வாயில் வைக்காமலே போய்ச் சேர்ந்தார். உப்பு, புளிப்பு, சூடு என்று எல்லாவற்றையும் அளந்த மனிதர், மைத்துனன் வாயை மட்டும் அளக்கவில்லை.

இப்போது சிரம்பானில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கிறார். பெரிய அண்டா, பெரிய கரண்டி. தெர்மோமீட்டரைக் காணோம். போன வாரம் போயிருந்தேன். வழக்கம்போல் இரண்டு ஜோக் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் நகர்ந்த பிறகு கேட்டேன்.

"மச்சான், அந்தத் தேங்காய்ப்பால் ஷீட்ட ஒரே ஒரு தடவ போடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அண்டா மூடியைத் திறந்தபடியே சொன்னார்:

"சோறு இருக்கு, சாப்ட்டுப் போ."