ஒன்பது இடத்தில் எழுதிய எண்

பக்கவாதத்தில் என் கணவனுக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு அழைத்து வந்ததும் ஒரு பட்டன் பெட்டி செய்து கொடுத்தேன். அமுக்கினால் என் போனுக்கு 'வா' என்று மெசேஜ் வரும்.

நாங்கள் இருவருமே சின்னச் சிப்களுக்கு புரோகிராம் எழுதிப் பிழைத்தவர்கள். ஒரே ஆபீஸ். நான் எழுதுவதைச் சரிபார்ப்பவன் அவன்தான்.

"போர்ட் நம்பரைக் கண்ட எடத்துல எழுதாதம்மா. ஒரே ஃபைல்ல வை, மத்ததெல்லாம் அங்கேர்ந்து எடுத்துக்கட்டும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்! சீரியல் போர்ட் என்பது மற்ற பாகங்களோடு சிப் பேசுகிற வாசல். எந்தப் பாகம் எந்த வாசலில் என்பதற்கு ஓர் எண். அதை நாலு இடத்தில் எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று சண்டைக்குப் போவேன்.

பெட்டியிலும் அதே புத்தி. சிம் இருக்கும் போர்ட்டின் எண்ணை ஒன்பது இடத்தில் எழுதியிருந்தேன். பெட்டிக்குள் சிப் இருக்கும் சர்க்யூட் போர்டு பழுதாகி வேறு மாற்றியபோது அந்த எண்ணும் மாறியது. தேடித் தேடித் திருத்தினேன். ஸ்விட்ச் போட்டதும் வரும் சோதனை மெசேஜ் ஒழுங்காக வந்தது. பட்டனை அமுக்கிப் பார்க்காமல் மாட வீதிக்குக் கீரை வாங்கக் கிளம்பிவிட்டேன்.

திரும்பியபோது வாட்ச்மேன் கேட்டிலேயே நின்றார். "இன்னாம்மா, உங்க வூட்ல தட்டிக்கினே கீற சத்தம் கேக்குது. பெல் அட்ச்சா யாரும் தொறக்கல."

ஓடினேன். கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தான். இடது கையில் பெட்டி. அமுக்குவதும், அதாலேயே தரையைத் தட்டுவதுமாக இருந்தான். நல்லவேளை, அடி எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவு நேரமும் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவன் லேப்டாப்பைக் கை காட்டினான். ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக, ஒரு புது ஃபைலில் ஒரே ஒரு வரி அடித்தான். சிம் போர்ட்டுக்கு ஒரு பெயர், பக்கத்தில் அதன் எண். ஒன்பது இடத்திலும் எண்ணை அழித்து அந்தப் பெயரை நான் போட்டேன். எட்டைத்தான் முன்பு திருத்தியிருந்தேன். பட்டனுக்கான ஃபைலில் பழைய எண் அப்படியே உட்கார்ந்திருந்தது, சனியன்.

திருத்தியதைப் பெட்டியில் ஏற்றிக் கையில் கொடுத்தேன். பட்டனை அமுக்கினான். என் போன் அதிர்ந்தது. 'வா.'

"வந்துடுச்சுடா!"

மறுபடி அமுக்கினான். மறுபடியும் 'வா.' இன்னொரு தடவை.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். இன்னும் எங்க வரச் சொல்ற?"

இடது கையை ஊன்றி, மெதுவாக நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டான்.