மிளகு விழ வேண்டும்

கலைமணி மிளகு ஒன்றை எடுத்து, ஓட்டுபவன் உட்காரும் குழிக்குள் போட்டு மூடியைச் சாத்தினாள். முழங்கை நீளமிருந்த அந்த மரப் பீரங்கி வண்டியைக் கவிழ்த்து இரண்டு உலுக்கு உலுக்கினாள். மிளகு விழவில்லை. இன்னும் ஒட்டாமல் செருகி மட்டும் வைத்து, முன்னால் நேராக நீண்டிருந்த பீரங்கிக் குழாய் மூடியைத் திறக்கவிடாமல் தடுத்தது.

"மாட்டிக்கிட்டான்" என்றாள். பிறகு சன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள்.

பண்ணைக்காட்டில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் செய்வது என்னவென்று விளங்கியவர்கள்தான் குறைவு. முன்பு கொடைக்கானல் கடைகளுக்குப் பொம்மை ஜீப் செய்துகொண்டிருந்தாள். நான்கு வருடமாக, குமரகுரு என்ற ஓய்வுபெற்ற பொறியாளருக்குப் பீரங்கி வண்டிகளை, அதாவது ராணுவ டேங்குகளை, மரத்தில் செய்கிறாள். எந்தப் படையிலும் ஓடியவை அல்ல. யாரோ வரைந்து, யாரோ வேண்டாமென்று தள்ளி, தாளோடு நின்றுபோனவை. ஒன்று முட்டை மாதிரி உருண்டை. இன்னொன்றுக்கு முன்னும் பின்னும் பீரங்கி. உடலுக்குச் சில்வர் ஓக் கட்டை, சக்கரத்துக்குக் காப்பிச் செடியின் தண்டை அறுத்த வில்லைகள், சங்கிலிப் பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப். கொண்டையில் செருகிய பென்சிலை வீடெல்லாம் தேடுவாள். முடிந்த வண்டியைத் துடைக்கும்போது, "சண்டைக்கும் போகல, பேரீச்சம்பழத்துக்கும் போகல, பாவம்" என்பாள்.

மிளகுச் சோதனை போன ஐப்பசியில் தொடங்கியது. அவள் கணவன் பழனிமுத்துவின் ஜீப் மழையில் வழுக்கி மண்சரிவில் சாய்ந்தது. கதவு நசுங்கி, ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஓட்டுபவர் பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். சரிபண்ணச் சொன்னால், வாழைத்தார் சீசன் முடியட்டும் என்பான். தினமும் வாசலுக்கு ஓடிப்போய்த் திறந்துவிடுவது அவள்தான்.

இன்று ஆடலூருக்கு வெள்ளனே போனவன் இரண்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். மணி நான்கரை. மழை விடவில்லை. போனில் ஏழாவது தடவையாக அதே பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

எதிரே குமரகுரு. நாளைக் காலை கண்காட்சி. வண்டியைக் கையோடு கொண்டுபோக வந்திருக்கிறார். குழாயை ஒட்டுவது மட்டும் பாக்கி.

"கன் ஸ்ட்ரெயிட்டா இருக்கணும், கலைமணி. டிராயிங்ல அப்படித்தான் இருக்கு."

"நேரா வச்சா மூடி தெறக்காதுங்க சார். இவன் எப்பிடி வெளிய வருவான்?"

"எவன்? இதுல ஒருத்தனும் உக்காந்ததே இல்லையேம்மா. செய்யவே இல்லையே."

வளைவில் ஏதோ வண்டி சத்தம். காது கொடுத்தாள். பால் வண்டி. பசையைக் குச்சியால் கலக்கினாள்; போதுமான அளவு கலக்கிய பிறகும் கலக்கினாள். வரைந்தவன் இதைப் பார்க்காமலா விட்டிருப்பான் என்று ஒரு தடவை கேட்டாள். அதனால்தான் தள்ளியிருப்பார்களோ என்னவோ என்று குமரகுரு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மீண்டும் சத்தம். இந்தத் தடவை பழனிமுத்துவின் ஜீப் கியர் மாற்றும்போது வரும் அந்த இருமல். பசைக் குச்சியைப் போட்டுவிட்டு மழையில் ஓடினாள்.

பழனிமுத்து உள்ளே சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். தாண்டிக்குடி பக்கம் மரம் விழுந்து கெடந்துச்சாம்; வெட்டி எடுக்க நேரமாயிருச்சாம். கதவை இரண்டு கையாலும் இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் திறந்தது.

"என்ன, டேங்கு கெளம்பிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான்.

அவள் உள்ளே வந்தபோது, குமரகுரு குழாயைத் தானே நேராக ஒட்டி, காய்வதற்காக விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். ஈரக் கையால் அவர் விரலை மெல்ல விலக்கினாள். பசை இறுகுவதற்குள் குழாயைப் பக்கவாட்டில் ஒரு விரற்கடை திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பசை காயும்வரை அவள் நிமிரவில்லை.

பிறகு வண்டியை அவர் உள்ளங்கைக்கு மேல் கவிழ்த்தாள். மூடி திறந்தது. மிளகு விழுந்தது.