சன்னல் சட்டத்தில் சுண்ணாம்பு

கல்யாணமாகி ஏழாவது வருஷம் அந்தக் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். கீரனூரில் தலைமையாசிரியர் வேலை, குடியிருக்க வீடும் உண்டு, விருப்பமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷம் மாமியாரோடு ஒரே அடுப்படியில் இடித்துக்கொண்டு நின்றவளுக்குத்தான் தனிச் சமையல்கட்டின் அருமை தெரியும்.

இவருக்கு ஒரே கவலைதான், அம்மா தனியாக இருந்துகொள்வார்களா என்று. அத்தை அந்த வீட்டை விட்டு அசைய மாட்டார்கள். நாங்கள் கிளம்புவதில் மட்டும் குறியாக இருந்தார்கள். நான் இருந்துகொள்வேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். கடைசியில், முன்னறையை வாடகைக்கு விட்டால் அத்தைக்கு ஒரு துணையாகும், நல்ல குடும்பம் அமைந்தால் போவோம் என்று இவர் இறங்கி வந்தார். தோல் மண்டியில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார். அந்த அம்மாளுக்கு வீடு பிடித்துவிட்டால் எனக்குக் கீரனூர்.

வீட்டுக்குள் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது சன்னல்கள்தான். முன்னறையிலிருந்து சமையல்கட்டு வரை நீளமாக ஒரு நடை, சந்துப் பக்கம் நாலு சன்னல். சட்டத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அத்தனையிலும் அத்தை சுண்ணாம்பை இழுவி வைத்திருந்தார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சியதைத் தூணிலோ சுவரிலோ துடைப்பது ஊருலகத்தில் இல்லாததல்ல. ஆனால் அத்தை ஒரு வருஷமாகச் சன்னல் சட்டம் தவிர வேறெங்கும் துடைப்பதில்லை. சுண்ணாம்பு காய்ந்து கட்டிகட்டியாக நின்றது. அதைச் சுற்றி எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஒரே பிசுக்கு, அந்தப் பிசுக்கில் சந்துப் புழுதி வேறு. நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தேன். "ஆமா, பெரிய அரமனை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை, அத்தை சமையல்கட்டில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன். பிளேடால் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும், சாம்பல் போட்டால் கீறல் விழும். அதனால் நத்தம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, துணியில் நனைத்து, ஒவ்வொரு கட்டியின் மேலும் ஒட்டிவிட்டேன். செத்த நேரம் ஊறியதும் தேங்காய் நாரால் தேய்த்தால் சுண்ணாம்பு கரைந்து வந்தது. பிசுக்குக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி. பிறகு சீயக்காய்த் தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் சட்டம் நாலும் அன்றைக்கு அடித்த பெயிண்ட் மாதிரி இருந்தது. நான்தான் செய்தேனா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

அத்தை முன்னறைக்குப் போவதற்காக எழுந்து வந்தார்கள். கடைசிச் சன்னல் சட்டத்தின் மேல் கை போனது. மேலே தடவினார்கள், கீழே தடவினார்கள். கை நின்றுவிட்டது. திரும்பிச் சமையல்கட்டு நிலையைத் தொட்டுவிட்டு மறுபடி வந்து தடவினார்கள். பிறகு காலை நீட்டி, தரையைத் துழாவித் துழாவி அடி எடுத்து வைத்தார்கள். மூன்றாவது சன்னலுக்கு நேரே நடையில் ஒரு படி உண்டு. நான் ஈரத்துணியோடு மூன்று முழத்தில் நிற்கிறேன். என்னைப் பார்த்த முகமாகவே அது இல்லை.

ஈரத்துணியை அப்படியே கீழே போட்டேன்.

"அத்தை, ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

 அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார்கள். இடக்கண் போய் ஒரு வருஷமாகிவிட்டதாம். வலக்கண்ணில் புகைதானாம். முதல் சன்னலில் ஒரு கட்டி, இரண்டாவதில் இரண்டு, படி இருக்கும் இடத்தில் மூன்று, சமையல்கட்டு வாசலில் நாலு என்று தடவி எண்ணித்தான் நடமாடினார்களாம். முட்டுவலி என்று சொல்லி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்ததும், என்னையே உப்புப் போடச் சொன்னதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு சண்டை போடத் தெரிந்த எனக்கு, இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

எங்களோடு வந்துவிடுங்கள் என்றேன். தெரியாத வீட்டில் ஒரு மூலையில் மூட்டையாகத்தான் கிடக்க வேண்டும், இங்கே என்றால் நடமாடுவேன் என்றார்கள்.

"மகனுக்காக இம்புட்டு மறைக்கணுமா அத்தை?"

"அவனுக்கு என்ன, எங்கிட்டும் வாத்தியாருதேன். ஒனக்காகத்தான் ஆத்தா. அந்தக் கடுதாசிய நீ எத்தன வாட்டி பிரிச்சுப் பிரிச்சு மடிக்கிற. எனக்குக் காது நல்லாத்தேன் கேக்குது. அவங்கிட்டச் சொல்லிராத. போயி ஒரு வீடு வாசல்னு இரு."

என் மனசில் ஓடியதை மறைக்க மாட்டேன். சுண்ணாம்பு டப்பா அங்கேயேதான் இருந்தது. பத்து இழுப்பு இழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டால் கீரனூர் என்னுடையது. மத்தியானம் முழுக்க அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் இருக்கிற கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அங்கே சன்னலும் கிடையாது.

சாயங்காலம் இவர் வந்து காப்பி குடித்து முடித்ததும் சொல்லிவிட்டேன்.  இவர் டம்ளரை வைத்த கையோடு தோல் மண்டிக்காரருக்கு வர வேண்டாம் என்று ஆள் அனுப்பினார், வரவில்லை என்று கீரனூருக்குத் திங்கட்கிழமை கடிதம் போனது. அத்தையை மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

அத்தை என்னோடு எட்டு நாள் பேசவில்லை. ஒரு நல்லது செய்ய விடுகிறாளா பார் என்று சுவரிடம் சொல்லி அழுதார்கள். எனக்கும் ஆத்திரம்தான். யாருக்காக என் கீரனூரை விட்டேனோ அவர்களே என்னைத் திட்டினால் எப்படியிருக்கும்? நானும் சமையல்கட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே அழுதேன்.

ஒன்பதாம் நாள் காலை இவர் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு நடைக்கு வந்தார். எந்தெந்தச் சன்னலில் எத்தனை கட்டி என்று அம்மாவைக் கேட்டார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வேணாம்ப்பா. பாவம், கை ஓயத் தொடச்சிருக்கா. அவளக் கூப்புடு, அவ கையப் புடிச்சே போயிக்கிறேன்."

நான் அரிசி களைந்த கையைக்கூடத் துடைக்காமல் போய் நீட்டினேன்.