மாடிக்கு ஒரு சொல்

பிப்ரவரி 11: தேர்வுக் கட்டணம், 300.
மார்ச் 20: பழைய ஆங்கில அகராதி, 180.
மார்ச் 22: வெற்று அட்டைகள், 45.
ஜூன் 9: தேர்வுக் கட்டணம், 300.
செப்டம்பர் 15: தேர்வுக் கட்டணம், 300.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மேற்பார்வையாளர் ஆவதற்குச் செலவழித்தது இவ்வளவுதான். மூன்று முறைக்கு மேல் தேர்வெழுத நிறுவனம் விடாது. வருஷக்கணக்காக இரும்பு ஏணியில் ஏறி இறங்கியதில் அவருடைய முழங்கால் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்திருந்தன. மேற்பார்வையாளருக்கு ஏணி கிடையாது, மேசை உண்டு.

ஒரு லிஃப்டைப் பார்த்துவிட்டு, என்ன பழுது என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். அதுதான் தேர்வு. முதல் முறை மோட்டார் நாட் குட், கதவு நாட் குட், ரோப் நாட் குட் என்று எழுதிக் கொடுத்தார். சொல்வளம் போதாது என்று கடிதம் வந்தது.

அகராதியும் அட்டையும் அதற்குப் பிறகு வாங்கியவை. அட்டைக்கு ஒரு ஆங்கிலச் சொல்லாக எழுதிக்கொண்டார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று அவர் பராமரிப்பில் இருந்தது. மாடிக்கு ஒரு சொல். சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடுவதற்குள் அர்த்தம் சொல்லிவிட வேண்டும். தவறினால் மறுபடி கீழிருந்து. ஒரு நாள் கதவு திறந்ததும் ஐந்தாம் மாடி அம்மாள் மிரண்டுபோய் நின்றார்.

"யாரத் தம்பி திட்டுற?"

"திட்டலம்மா, படிக்கிறேன்."

"அப்ப நீ படி. நான் படியிலயே போயிக்கிறேன்."

அதிலிருந்து அவர் பெயர் டிக்‌ஷனரி.

ஜூன் தேர்வில், கற்ற வித்தை மொத்தத்தையும் இறக்கிவிட்டார். கதவு சிக்கியதைப் பேரழிவு என்றார், சக்கரம் கிரீச்சிட்டதை ஆற்றொணாத் துயரம் என்றார், எல்லாம் வாயில் நுழையாத ஆங்கிலத்தில். பழுது என்னவென்றே விளங்கவில்லை என்று இரண்டாம் கடிதம் வந்தது.

எழுதியதை மனைவியிடம் ஒப்பித்தார். அவள் நர்ஸ். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏங்க, லிஃப்டு ரிப்பேரா, இல்ல செத்தேபோச்சா?"

"நீ சிரி. இன்னும் ஒரு தடவதான் இருக்கு."

"வார்டுல ஒருத்தர் வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட என்ன சொல்லுவேன்? எங்க வலி, எப்ப வருது, விட்டு விட்டு வருதா. அய்யோ பாவம்னு எழுதி வச்சா என்னத்தான் திட்டுவாரு."

அன்றே அட்டைகளைப் பிரித்தார். காதுக்கு அழகானவை ஒரு பக்கம், லிஃப்டுக்கு வரக்கூடிய நோய்களைச் சொல்பவை ஒரு பக்கம். அழகான அட்டைகளை எறியவும் மனம் வரவில்லை. ஆசையாகக் கற்றவை அல்லவா. கொசு கடித்தால் வீட்டில் அது பேரழிவு.

செப்டம்பர் தேர்வில் கதவு ஒழுங்காக மூடியது, திடீரென்று மூட மறுத்தது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல மூடியது. இன்டர்மிட்டன்ட் என்று ஒரே ஒரு பெரிய சொல்லை எழுதினார்: விட்டு விட்டு வருவது. எப்போது வருகிறது, எந்த வயர் தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் சின்னச் சொற்கள். பாதிப் பக்கத்தில் முடிந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அதுவே அவரை அரித்தது.

"பாதிப் பக்கம்தானா?" என்றாள் மனைவி.

"பழுது அவ்வளவுதான் இருந்துச்சு."

மூன்றாம் கடிதம் முதலில் அவள் கைக்குத்தான் போனது. நவம்பர் ஒன்றிலிருந்து மேற்பார்வையாளராகச் சேரலாம் என்று இருந்தது. தேர்வு சம்பந்தமாக அவருக்கு வந்த கடைசிக் கடிதம் அது. வந்த தேதி, அக்டோபர் 17.